சீரோடு போன பலகை

இல்லைங்கம்மா, இந்த டப்பாவை மேல வைக்க மாட்டேன். மேல வச்சா உருளும். உருண்டா உள்ள இருக்கற ஒயர் புடுங்கிக்கும். புடுங்கிக்கிட்டா நான் இந்த பஸ்ல போறதுக்கே அர்த்தமில்ல. மடியிலேயே இருக்கட்டும். உங்க முருங்கைக்காய்ப் பையை வேணா நான் காலால அண்டக் குடுத்துக்கறேன், சாயாது.

முறுக்கா? முறுக்கு இல்லைங்க. டப்பா மேல முறுக்குப் படம் போட்டிருக்கு, அவ்வளவுதான். வெடிகுண்டும் இல்ல. காங்கேயத்துல ஏறும்போது கண்டக்டர் அப்படித்தான் பார்த்தார். கேட்டிருந்தா திறந்து காட்டியிருப்பேன். கேட்க மாட்டாங்க. எங்க வீட்டுலயும் இதே கதைதான். யாரும் கேட்க மாட்டாங்க. நானா சொன்னாலும் காதுல வாங்க மாட்டாங்க.

நீங்க பழனி வரைக்கும்தானே? அப்பச் சரி. சொல்றேன்.

எங்கக்கா கல்யாணத்துக்கு சீர் அனுப்பினாங்க. பீரோ, கட்டில், கிரைண்டர், பித்தளை அண்டா, குத்துவிளக்கு. அதோட என் பலகையும். என் பலகைங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கல. டெம்போவுல ஏத்தறதுக்கு முன்னாடி எங்கப்பா எல்லா சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வச்சுக்கிட்டே வந்தார். என் பலகைக்கும் வச்சார். சர்க்யூட் மேல சந்தனம் வைக்கக் கூடாது, ஈரம்னு சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா வாயைத் திறக்காதே"ன்னார். அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. அதை எடுக்கத்தான் போறேன். எடுக்கன்னா, முழுசா எடுக்க முடியாது. அதையும் சொல்றேன்.

பலகைன்னா வெறும் பலகை இல்ல. கார்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் தெரியுமா? அலுமினியப் பெட்டி, ஒரு சாப்பாட்டு டப்பா மூடி அளவுக்கு. மெக்கானிக்குங்க ஈசிஎம்னு சொல்லுவாங்க. எப்பப் பெட்ரோலைப் பீய்ச்சணும், எப்பப் பொறி அடிக்கணும், எல்லாம் அதுதான் முடிவு பண்ணும். காயலான் கடையில உடைஞ்ச கார்லேர்ந்து கழட்டினது ஒண்ணு எனக்குக் கிடைச்சுது. அதை இன்ஜினே இல்லாம, காரே இல்லாம, ஒரு பலகை மேல திருகி வச்சு ஓட வைக்கணும். அதான் என் வேலை. எதுக்குன்னு கேட்காதீங்க, எங்கப்பாவும் அதையேதான் கேட்பார். எதுக்குன்னு தெரிஞ்சா நான் ஏன் பண்றேன்? ஓடுமான்னு பார்க்கத்தான்.

அந்தப் பெட்டி பாவங்க. அதுக்குக் கண்ணு கிடையாது. அதுக்கு வர்ற ஒயர் என்ன சொல்லுதோ அதுதான் உலகம். இன்ஜின் சூடு சொல்ற சென்சார் இருக்கற இடத்துல நான் ஒரு குமிழை வச்சிருக்கேன், பழைய ரேடியோவுல சத்தம் கூட்டற குமிழ். அதைத் திருகினா, அய்யோ இன்ஜின் கொதிக்குதுன்னு நம்பி ஃபேனைப் போடும். இருக்கறது வெறும் பலகை. அதுக்குத் தெரியாது. பெட்ரோல் பீய்ச்சற இன்ஜெக்டருக்குப் பதிலா நாலு குட்டி லைட்டு. அப்புறம் இன்ஜின் சுத்துதுன்னு அதுக்கு யாராவது சொல்லணும் இல்லையா, அதுக்குக் கார்ல ஒரு பல்சக்கரம் இருக்கும். சுத்திவர பல்லு, ஒரு இடத்துல மட்டும் பல்லு இருக்காது. பொக்கை. அந்தப் பொக்கை வர்றப்பெல்லாம் ஒரு சுத்து முடிஞ்சுதுன்னு பெட்டி கணக்கு வச்சுக்கும். இந்த டப்பாக்குள்ள இருக்கறது அந்தப் பொக்கைவாய்ச் சக்கரத்தோட குரல். சக்கரம் இல்ல, குரல் மட்டும். மிமிக்ரி மாதிரி. புரோகிராம் நானே எழுதினது.

எல்லாப் பொய்யும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போச்சுன்னா, பெட்டி நம்பிடும். நாலு லைட்டையும் வரிசையா மின்ன விடும். ஒரு பொய் முன்னப்பின்ன ஆச்சுன்னா மஞ்ச லைட்டைப் போட்டுட்டு உம்முன்னு உக்காந்துக்கும்.

பள்ளிக்கூடமா? பதினொண்ணாவது பாதியில விட்டுட்டேன். ஃபெயில் ஆகல. போரடிச்சுது. அதுக்கு மேல காரணம் இல்ல. எல்லாரும் ஏதோ பெரிய சோகக் கதை எதிர்பார்க்கறாங்க. இல்லைங்க, போரடிச்சுது.

எங்கப்பா சொசைட்டில கிளார்க்கு. சத்தம் போட மாட்டார், சாபம் மாதிரி மெதுவாப் பேசுவார். "உங்கக்கா கல்யாணம் முடியற வரைக்கும் உன்னால ஒரு வில்லங்கம் வரக் கூடாது. வந்துச்சு, இந்தப் பலகை காயலான் கடைக்கு, நீ டைப்பிங் கிளாஸுக்கு"ன்னுட்டார். சரின்னேன். எனக்குப் பலகை முக்கியம். மத்தபடி அக்கா கல்யாணத்துல எனக்கு என்ன வேலை?

அக்கா பேரு நர்மதா. தாராபுரத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். நல்லவதான். ஆனா என் பேச்சை ஒரு நாள் கேட்டதில்ல. சாயங்காலம் வந்து கட்டில்ல உக்காந்து பேப்பர் திருத்துவா, இல்லைன்னா போனை நோண்டுவா. நான் பலகை முன்னாடி தரையில உக்காந்து சொல்லிக்கிட்டே இருப்பேன். இன்னைக்குப் பெட்டியில ஒயர் மாட்டற இந்தப் பின்னைக் கண்டுபிடிச்சேன், இந்த ஒயர் இங்க போகுது. அவ "ம்"பா. "சோறு வேகலையாம்"னு நடுவுல சொல்லிப் பார்த்தேன், அதுக்கும் "ம்." ஒரு நாள் ஃபியூஸைப் பத்திச் சொன்னேன். "கார்ல ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கு நர்மதா, பானெட்டுக்குள்ள, கறுப்புப் பெட்டியில. அதை மட்டும் உருவிட்டா ஸ்டார்ட்டர் நல்லா சுத்தும், இன்ஜின் பிடிக்கவே பிடிக்காது. பெட்ரோலை ஏத்தற பம்பு ஓடாது. எவனும் மொதல்ல அதைப் பார்க்க மாட்டான், பெரிய வியாதியாத்தான் தேடுவான்"னு. அதுக்கும் அவ "ம்"முன்னா. போனைப் பார்த்து சிரிச்சா வேற. எனக்கு அப்படியே ஏறிடுச்சு.

இந்த நேரத்துலதான் பழனிப் பக்கத்துலேர்ந்து ஒரு இடம் வந்துச்சு. மாப்பிள்ளை பேரு சபரிநாதன். பள்ளிக்கூடங்களுக்கு லேப் சாமான் சப்ளை பண்றவர். எங்கக்கா பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் சப்ளை, ஆனா ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டதே இல்லையாம். பெரிய பள்ளிக்கூடம், எத்தனையோ பேர் வருவாங்க போவாங்க.

பிரச்சனை அவர் இல்ல. அவங்கப்பா. நாச்சிமுத்து. இப்ப எங்கக்காவுக்கு மாமனார், அதனால மரியாதையாவே சொல்றேன்: அந்த மனுஷன் பொண்ணு பார்க்கறதை டூராவே வச்சிருந்தார். ஞாயித்துக்கிழமை ஆனா வெள்ளை வேட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு வீடு. பஜ்ஜி தின்னு, காப்பி குடிச்சு, "ஊருக்குப் போயிச் சொல்லி உடறோமுங்க"ன்னு சொல்லிட்டு வண்டி ஏறிடுவார். சொல்லியே விட மாட்டார். தரகரே சொன்னார், "ஏனுங்க, அவுரு பஜ்ஜியில எண்ணெய் பத்தலைன்னு ரெண்டு இடத்தைக் கழிச்சிருக்காருங்க"ன்னு.

எங்கப்பா மெதுவாச் சொன்னார். "இவங்களும் இழுத்தடிச்சா, அடுத்த மாசம் சென்னிமலை இடத்தை முடிச்சுடுவேன்." அன்னைக்கு ராத்திரி அக்கா சாப்பிடல. வயிறு சரியில்ல போல.

அந்த ஞாயித்துக்கிழமை வந்துச்சு.

காலையிலேயே எழுந்து அக்கா சமைக்க ஆரம்பிச்சுட்டா. பஜ்ஜி கேசரி மட்டும் இல்ல. சாம்பார், ரசம், ரெண்டு பொரியல், வடைக்கு மாவு, பாயசம். ஒரு பெரிய குண்டா சோறு. அம்மா கேட்டாங்க, "யாருக்குடி இவ்வளவு? அவங்கதான் கை நனைக்க மாட்டாங்களே." உங்களுக்குத் தெரியாததா, பேச்சு முடியாத வீட்டுல கை நனைக்கக் கூடாது. காப்பி பலகாரம் பரவாயில்ல. இலை போட்டு சோறு தின்னுட்டா முடிஞ்சுது, சம்மதம்னு அர்த்தம். அப்புறம் வேண்டாம்னு சொன்னா ஊரே காறித் துப்பும். அக்கா சொன்னா, "மிச்சமானா நாம சாப்பிடலாம்மா." எத்தனை நாளைக்குன்னு நான் கேட்டேன். அவ முறைச்சா.

அப்பத்தான் கார் வந்து நின்னுச்சு. எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு. மாப்பிள்ளையைப் பார்த்து இல்லைங்க. கார். என் பலகையில இருக்கற பெட்டி எந்தக் கார்லேர்ந்து வந்துச்சோ அதே மாடல். அதே வருஷம்.

என் பலகை மூணு மாசமா முக்கால்வாசியில நின்னுச்சு. சாவிப் பிரச்சனை. இந்தக் கார் சாவிக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கும். அது கிட்ட வந்து நான்தான்னு சொன்னாத்தான் பெட்டி பெட்ரோலைத் திறக்கும். திருடன் ஓட்டக் கூடாதுன்னு. காயலான் கடையில பெட்டி குடுத்தாங்க, சாவி குடுக்கல. அந்தச் சாவி பேசற ஒயர் எந்தப் பின்னுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியணும். நெட்டுல ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு சொல்றான். நிஜக் கார்ல ஒரே ஒரு தடவை பார்த்தாப் போதும்.

அது வாசல்ல வந்து நிக்குது. நான் என்னங்க பண்ணுவேன்?

எல்லாரும் உள்ள வந்து உக்காந்தாங்க. எங்க நாய் டைசன், யாரு வந்தாலும் பல்லைக் காட்டும், போஸ்ட்மேன் வேலிக்கு வெளிய நின்னுதான் கூப்பிடுவார். அது அன்னைக்கு மாப்பிள்ளை காலைப் போயி நக்கிக்கிட்டு வாலை ஆட்டுச்சு. வெக்கங்கெட்ட நாய். அக்கா தட்டோட வந்தா. எல்லாருக்கும் காப்பி. மாப்பிள்ளைக்கு மட்டும் சுக்கு மல்லித் தண்ணி. அவருக்குக் காப்பி சேராதாம். எங்கக்காவுக்கு அந்த மாதிரி விஷயத்துல ஒரு கவனிப்பு உண்டு, முகத்தைப் பார்த்தே சொல்லிடுவா போல.

நாச்சிமுத்து பஜ்ஜியைப் பிட்டு வெளிச்சத்துல பார்த்தார். "எண்ணெய் செக்கெண்ணெயுங்களா?"ன்னார். எங்கப்பா "ஆமாங்க"ன்னார். "பாத்தாத் தெரியலீங்க"ன்னார்.

நான் ஜன்னல் வழியாக் காரைப் பார்த்துக்கிட்டே நின்னேன். மாப்பிள்ளை என் பக்கத்துல வந்து நின்னார். "பாப்பா, வண்டி வெயில்ல நிக்குது. கொஞ்சம் வேப்பமரத்தடிக்குத் தள்ளி நிறுத்தணும். எனக்கு ரிவர்ஸ் சரியா வராது. சாவியை வச்சுக்கோ"ன்னு குடுத்துட்டார். பழனியிலேர்ந்து இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்த மனுஷனுக்கு ரிவர்ஸ் வராதாம். பதினேழு வயசுப் பொண்ணுகிட்ட சாவியைக் குடுக்கறார். லைசென்ஸ் இருக்கான்னுகூடக் கேட்கல. இவருக்கு எங்கக்காவான்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டே சாவியை வாங்கிட்டேன்.

மரத்தடியில நிறுத்தினேன். ஒயர்ல கரண்டு பார்க்கற மல்டிமீட்டரை எடுத்துட்டு வந்தேன். இந்த மாடல்ல பெட்டி முன் சீட்டுக்கு எதிர்ல, டேஷ்போர்டுக்கு உள்ள இருக்கும். கவரைக் கழட்டி, கனெக்டரை உருவி, ஒயர் நிறத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகல. கண்டுபிடிச்சுட்டேன். மூணு மாசமா நான் தப்பான பின்னுல குத்திக்கிட்டிருந்திருக்கேன். அந்த சந்தோஷம் உங்களுக்குப் புரியாது, பரவாயில்ல.

திரும்ப மாட்டினேன். கனெக்டர் பூட்டு "டக்"னு விழுந்துச்சு. இது முக்கியம். டக்குன்னு விழுந்துச்சு. என் காதால கேட்டேன். நான் பானெட்டைத் தொடக்கூட இல்ல.

உள்ள போயி சாவியைக் குடுத்தேன். அவர் "தேங்க்ஸ் பாப்பா"ன்னுட்டு, போன் பேசணும்னு வெளிய போனார். சிக்னல் கிடைக்கலையோ என்னவோ, கார்கிட்டயே கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தார். வந்து, "அப்பா, மணியாச்சு, சுகர் மாத்திரையைப் போட்டுக்கோங்க"ன்னார். நல்ல புள்ளைதான், அதுல குறை சொல்ல மாட்டேன்.

நாச்சிமுத்து மாத்திரையைப் போட்டார், எழுந்தார், துண்டை உதறினார். "ஊருக்குப் போயி..."ன்னு ஆரம்பிச்சார். அக்கா சமையல்கட்டு வாசல்ல நின்னு கதவை இறுக்கிப் பிடிச்சிருந்தா.

எல்லாரும் கார்ல ஏறினாங்க. மாப்பிள்ளை ஸ்டார்ட் பண்ணினார். சுத்துது, சுத்துது, பிடிக்கல. திரும்ப. பிடிக்கல.

எங்கப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கையில மல்டிமீட்டர் அப்படியே இருக்கு, மறைக்கக்கூடத் தோணல.

"நீ தொட்டியா?"

"தொட்டேன்." பொய் சொல்ல எனக்கு வராது. பெட்டிகிட்டத்தான் வரும், மனுஷங்ககிட்ட வராது.

அப்புறம் நான் டேஷ்போர்டுக்குக் கீழ தலையை விட்டவதான். கனெக்டரை உருவறேன், மாட்டறேன். ஒவ்வொரு பின்னாப் பார்க்கறேன். சாவி சிப் அழிஞ்சுபோச்சோ, பெட்டி செத்துப்போச்சோ, நான் மீட்டர் வச்சதுல ஏதாவது ஷார்ட் ஆச்சோ. காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு உள்ள வேர்த்துக் கொட்டறேன். மாப்பிள்ளை வந்து குனிஞ்சு, "அவசரமில்ல பாப்பா, நிதானமாப் பாரு"ங்கறார். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், ஏதோ விசேஷ வீட்டுல இருக்காராம், சாப்பிட்டுத்தான் வருவாராம்"ங்கறார். எனக்கு ஆத்திரம். காரு போச்சேன்னு கொஞ்சமாவது பதறணும் இல்ல? இந்த ஆளு விசில் அடிக்கறார்.

உள்ள வேற கூத்து. எனக்குக் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு மணியாச்சு. சாம்பார் வாசம் மரத்தடி வரைக்கும் வருது. நாச்சிமுத்து மாத்திரை போட்ட மனுஷன், சோறு உள்ள போகணும். எங்கம்மா, "இலை போட்டுடட்டுங்களா?"

"இல்லீங்க இல்லீங்க. பேச்சு முடியாம கை நனைக்கறது மொறையில்லீங்க."

"வாழைப்பழமாவது?"

அவர் தரகரைப் பார்த்தார். தரகர் யோசிச்சு, "பழம் சாமிக்கும் வைக்கறதுதானுங்க, கணக்குல வராது"ன்னார். ரெண்டு பழம் போச்சு. கொஞ்ச நேரத்துல கை நடுங்குதுன்னார்.

"மோருங்க?"

"உப்புப் போட்டதுங்களா?"

"ஆமாங்க."

"உப்புப் பட்டா கை நனைச்ச மாதிரிதானுங்க"ன்னு தரகர் தீர்ப்பு சொல்லிட்டார். மோரு திரும்பிப் போச்சு. அவங்க வீட்டம்மா பொறுக்காம, "ஏனுங்க, டாக்ஸி ஒண்ணு புடிச்சாப் போயிரலாமில்ல?"ன்னாங்க. "காரை ஊர்ல உட்டுப்போட்டு டாக்ஸிக்கு எவன் தண்டம் அழுவறது?"ன்னு அவர் கத்தினார். கத்தினதுல இன்னும் தலை சுத்திப்போச்சு.

அப்ப அக்கா வடையை எண்ணெயில போட்டா. பாயசம் வச்சவ வடையைக் காலையிலேயே சுட்டிருக்கலாம். மாவை வச்சுக்கிட்டு மத்தியானம் ஒண்ணரை மணிக்குத்தான் சுடறா. எனக்கே கார்லேர்ந்து தலை தானா வெளிய வந்துச்சு.

நாச்சிமுத்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தார். எழுந்து, "இலையப் போடுங்க"ன்னார்.

தரகர் வாசலுக்கே ஓடி வந்தார். "சம்பந்தி கை நனைக்கறாருங்க"ன்னு எதிர்வீட்டுக்குக் கேட்கற மாதிரி சத்தமாச் சொன்னார். எதிர்வீட்டுக்காரங்க வந்து எட்டிப் பார்த்தாங்க. முடிஞ்சுது. அந்த மனுஷன் தலையைக் குனிஞ்சு சாப்பிட்டார் பாருங்க, மூணு தடவை சோறு வாங்கினார். ரசத்தைக் கையில வாங்கிக் குடிச்சார். கடைசியில ஏப்பம் விட்டுட்டு, "செக்கெண்ணெய்தானுங்க"ன்னு ஒத்துக்கிட்டார்.

பாயசம் குடிச்ச கை காயல, மாப்பிள்ளை வெளிய வந்தார். "பாப்பா, இது உன்னுதா? கீழே கெடந்துச்சு"ன்னு சட்டைப் பையிலேர்ந்து எடுத்து நீட்டினார். ஃபியூஸ். அந்தக் குட்டி ஃபியூஸ். பானெட்டைத் திறந்து அவரே மாட்டினார், முதல் திருகுல வண்டி பிடிச்சுக்கிச்சு.

நான் அப்படியே உக்காந்துட்டேன். மொதல்ல ஃபியூஸ் பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நானு. பார்க்கல. என் தப்புதான்னு நினைச்சதால பெரிய வியாதியாவே தேடிக்கிட்டிருந்திருக்கேன்.

எங்கப்பா அன்னைக்கே பலகையைத் தூக்கிட்டார். காயலான் கடைக்குன்னு வாசல்ல சாத்தி வச்சார். ஒரு வில்லங்கம் வந்தா என்ன ஆகும்னு சொல்லியிருந்தார் இல்ல. நான் ஒண்ணும் கெஞ்சல. கெஞ்சினா அழுகை வந்துடும். மாப்பிள்ளை அதைப் பார்த்துட்டு, "மாமா, அதைத் தூக்கிப் போடாதீங்க. சீரோட சேர்த்து அனுப்பிடுங்க. எனக்கு அது வேணும்"ன்னார். பவுன் கேட்கல, வண்டி கேட்கல. பலகையைக் கேட்டார். எங்கப்பா பதறிப்போயிட்டார், வாய்விட்டுக் கேட்ட ஒரே சாமான், அதையும் மறுத்தா நல்லாருக்குமா? சந்தனம் வச்சு அனுப்பிட்டார்.

என் பலகை, அவங்களுக்கு சீரு. நல்ல நியாயம்.

ஆனா நானும் லேசுப்பட்டவ இல்ல. இந்தக் குரல் டப்பாவை மட்டும் கழட்டி ஒளிச்சு வச்சுக்கிட்டேன். இது இல்லாம அந்தப் பெட்டி வெறும் அலுமினியம். வேணும்னா என்னைக் கேட்கட்டும்னு இருந்தேன். கேட்டுட்டாங்க. நேத்து மாமா, அதான் அந்த மாப்பிள்ளை, போன் பண்ணினார். கார் திரும்பவும் கிளம்ப மாட்டேங்குதாம். நாச்சிமுத்து இன்னைக்கு எங்கக்கா பள்ளிக்கூடத்துக்குப் போறதா இருந்தாராம், "எங்க மருமக இனி வேலைக்கு வராது"ன்னு அவரே போயிச் சொல்லிட்டு வர. அக்காவுக்கு அந்த வேலைன்னா உசிரு. நல்லவேளை வண்டி கிளம்பல. மெக்கானிக் யாரும் வேண்டாம், மச்சினிச்சிதான் பார்க்கணும்னு மாமா அவங்கப்பாகிட்ட அடிச்சுச் சொல்லிட்டாராம். என் மேல அவ்வளவு நம்பிக்கை. டப்பாவையும் எடுத்துட்டு வா, பத்து நாள் தங்கற மாதிரி வா, உன் பலகைக்கு மாடியில தனி ரூமே ஒதுக்கியிருக்குன்னார். நடுவுல அக்கா போனைப் புடுங்கி, "அவசரமா வராதே, மெதுவா மத்தியான பஸ்ல வா"ன்னா. எதுக்கு மெதுவான்னு கேட்டா, "ம்"முங்கறா.

என்னது? இல்ல, என்ன கேட்டீங்க?

ஃபியூஸ் எப்படிக் கீழே விழுந்துச்சுன்னா...

விழாதுங்க. அது சும்மா விழாது. இறுக்கமா இருக்கும், இடுக்கி வச்சு இழுத்தாத்தான் வரும். அதுவும் பானெட்டைத் திறந்து, கறுப்புப் பெட்டி மூடியைத் திறந்து. நான் பானெட்டைத் தொடக்கூட இல்லைன்னு சொன்னேன் இல்ல. அதான் எனக்கும் புரியல, அது எப்படி...

இருங்க.

அவர்தான் போன் பேசப் போனார்.

இருங்க இருங்க. சிரிக்காதீங்க. நீங்க எப்பலேர்ந்து சிரிச்சுக்கிட்டிருக்கீங்க? சுக்கு மல்லியிலேர்ந்தா? அப்பவே சொல்றதுக்கென்னங்க.

அந்த நாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. டைசனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. காலை வெளிய நீட்டிக்கிட்டு நான் கார்ல வேர்த்துக் கொட்டறேன், இந்த ஆளு விசில் அடிக்கறார். பலகையையே தூக்கற அளவுக்குப் போச்சு, அப்பவாவது ரெண்டு பேரும்... சரி, அப்ப வாயைத் திறந்திருந்தா கல்யாணம் நின்னிருக்கும். அது புரியுது. அதான் சீருல கேட்டிருக்கார். புரியுது. ஆனாலும்.

ஆனா ஒண்ணு இடிக்குதுங்க. பீக்கர், டெஸ்ட் டியூப் விக்கற மனுஷன். அவ்வளவு பெரிய பெட்டியில அத்தனை ஃபியூஸ் இருக்கு. அந்த ஒண்ணை மட்டும் எப்படிப் பார்த்து உருவினார்? யாரு சொல்லிக் குடுத்திருப்பா?

போன் போடறேன். இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா, டப்பாவை. சாய்க்காம.

ஹலோ, மாமா. நான்தான். பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன், பழனி வரப்போகுது. அந்த ஃபியூஸ் இப்பவும் சட்டைப் பையிலதானே இருக்கு? என்ன ஃபியூஸா? அதான், பாப்பா இது உன்னுதான்னு குடுத்தீங்களே, அது. அங்கேயே இருக்கட்டும், எடுக்காதீங்க. நான் வந்து உங்கப்பாகிட்ட பெட்டி கெட்டுப்போச்சு, ஸ்கூல் லீவு விடற வரைக்கும் வண்டி நகராதுன்னு சொல்றேன். சொல்லுவேன், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டே சொல்லுவேன். ஆனா எனக்கு ஒரு ஆசிலோஸ்கோப் வேணும். நீங்க லேபுக்கு சப்ளை பண்றதுதானே. பழசு வேண்டாம். வாங்கித் தரலைன்னா அவர் இலையில உக்காரும்போது முழுக் கதையையும் சொல்லிடுவேன். ஹலோ? மாமா?

ஆசிலோஸ்கோப்புன்னா ஒயர்ல ஓடற கரண்டைத் திரையில அலையாக் காட்டற மிஷினுங்க, ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு சேனல்.

இருங்க, பின்னாடி அக்கா ஏதோ சொல்றா.

என்ன சொல்றா தெரியுமா? "ரெண்டு சேனலா நாலு சேனலான்னு கேளுங்க. அவளுக்கு நாலு சேனல் இருந்தாத்தான் சரிவரும்"ங்கறா.

நான் அவகிட்ட ஒரே ஒரு தடவைதாங்க அதைச் சொல்லியிருக்கேன். அன்னைக்கும் "ம்"முன்னுதான் சொன்னா.